சாணைக்கல்லுக்கு ஒரு பொட்டு

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு டச்சுக் கம்பெனியில் என் அத்தை ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். ஆயுத பூஜையன்று மட்டும் வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னை அவள் நேராக இழுத்துக்கொண்டு போனது மெஷின்களிடம் அல்ல, ஆபீஸ் நடைக்கு.

டச்சுக்காரர்கள் நாட்டுப் பழைய படங்கள் சுவர் நெடுக மாட்டியிருந்தன. செம்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி அச்சடித்தவை என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ராஜா ராணி ஒருவரும் இல்லை. சக்கரத்தை மிதித்துக் கத்திக்குச் சாணை பிடிக்கிறவர். செருப்புத் தைக்கிறவர். தெருவில் அடுப்பு மூட்டி அடை சுடும் பெண், அவளைச் சுற்றிப் பிள்ளைகள். முழங்கையில் சட்டை கசங்கியிருந்ததைக்கூட வரைந்தவர் விடவில்லை. எத்தனை நேரம் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாரோ!

"எப்பிடி குனிஞ்சிகினு கீறாரு பாரு. இடுப்பு வலிக்காது?" என்றாள் அத்தை சாணை பிடிக்கிறவரைக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

பிறகு சாணைக்கல், ஊசி, சட்டி என்று ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

"சாமிக்கு நெத்தியிலதான வெக்கணும் அத்த?"

"சாமி இல்லடா, வேல செய்றவங்க. இவங்க சாமானுக்கு யாரு வெப்பா?"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாம்மா கூத்து இது? ஃபாரின் ஆபீசர் வந்துகினு கீறாரு. தொடச்சிடு, தொடச்சிடு!"

பூஜை போட்ட கருவியை மறுநாள் வரை யாரும் தொடுவதில்லை. தினமும் அந்தக் கண்ணாடிகளைத் துடைக்கிறவள், கையில் துணியோடு அப்படியே நின்றாள்.

"நாளிக்கி வந்ததும் மொத வேலையா தொடச்சிடறேன் சார். இன்னிக்கி வேணாம்."

"நாளிக்கி உன்ன உள்ள வுட்டாதான?"

அவரே துணியைப் பிடுங்கினார். சாணைக்கல் வரைக்கும் கை போனது, அங்கேயே நின்றுவிட்டது. அவர் பைக்கிலும் காலையில்தான் பொட்டு வைத்திருந்தார்கள். "ஆபீசர் கேட்டா உன் பேரத்தான் சொல்லுவேன்" என்று துணியை அவளிடமே வீசிவிட்டுப் போனார்.

மறுநாள் அத்தை சாப்பிடாமல் சீக்கிரமே கிளம்பினாள். கண்ணாடி துடைக்கத்தான் அவசரம் என்று நினைத்தேன். சாயங்காலம் வாசலிலிருந்தே, "கேட்டுல கார்டு தேச்சேன், பச்ச லைட்டு எரிஞ்சிதுடா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். தினமும் எரிகிற லைட்டுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.