குழி விழுந்த சக்கரம்

போன ஞாயிறு காலை எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் அலுமினியம் உருகிக்கொண்டிருந்தது. வடாம் காய்கிற இடத்தில் உலை! இரும்பு வாளிக்குள் கரி, காற்றடிக்க என் ஹேர் டிரையர், உருக்குவதற்கு மெக்கானிக் கடையில் வாங்கிய பழைய ஸ்கூட்டர் பிஸ்டன்கள். பக்கத்தில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு என் கணவர். எங்கள் தார்நாகா பேட்டையில் ஞாயிற்றுக்கிழமையை இப்படியும் கழிக்கலாம்.

மேசை மேல் வைக்கிற அளவில் ஒரு குட்டி நீராவி எஞ்சின் செய்கிறார். எல்லாப் பாகமும் தயார், சக்கரத்தைத் தவிர. அது ஏன் வரவில்லை? வராமல் என்ன... வாரா வாரம் வந்தது. இவர்தான் விடவில்லை.

பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். பாகங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, தேறாததை ரிஜெக்ட் செய்வதுதான் சர்வீஸ் முழுக்க வேலை. அந்த லென்ஸ் வீட்டுக்கும் வந்துவிட்டது. தோசை ஓரம் பிய்ந்திருந்தால்கூடத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் தான் வார்த்ததை விடுவாரா? மயிரிழைக் கோடு தெரிந்தாலும் சக்கரம் மறுபடி உலைக்குப் போய்விடும்.

இந்த முறை உருக்கினால் மறுபடி வார்க்க அடுத்த ஞாயிறு கிடையாது. காயப்போட்ட துணியில் கரி படிகிறதென்று புகார். அசோசியேஷன் செக்ரட்டரி ரெட்டிகாரு கறாராகச் சொல்லிவிட்டார் — இந்த ஞாயிறோடு சரி, அப்புறம் உலை நக்கோ, வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ரிடையர் ஆனதும் பேச்சே இல்லாமல் டிவி முன்னால் கிடந்த மனிதர். எஞ்சினைத் தொட்ட பிறகுதான் சாப்பிடும்போது வாய் திறக்கிறார். அது பாதியில் நின்றுபோனால்?

மணல் அச்சில் ஊற்றினார். ஆறியதும் தட்டி எடுத்தார். வட்டம் அழகாக வந்திருந்தது. விளிம்பில் மட்டும் மிளகளவு ஒரு குழி. லென்ஸ் வந்தது. பின்னாலேயே இடுக்கியும் வந்தது. உலை இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

“ஏங்க, ஃபேக்டரில இப்படி வந்தா எல்லாத்தையும் உருக்கிடுவீங்களா?” என்று கேட்டேன்.

“வேலைக்குப் பாதகமில்லைன்னா கன்செஷன் குடுத்து எடுத்துக்குவாங்க. ஆனா இன்ஸ்பெக்டர் அதைக் குடுக்க முடியாது. கஸ்டமர்தான் ஒத்துக்கணும்.”

“இதுக்கு நான்தான் கஸ்டமர். குடுத்தாச்சு. இடுக்கியைக் கீழ வைங்க.”

வேறு எது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். ரூல் என்றதும் அடங்கிவிட்டார்!

திங்கட்கிழமை பாலாநகர் லேத் பட்டறையில் சக்கரத்தைக் கடைந்து வாங்கி, சாயங்காலம் மாட்டினார். கொதிகலனை மூட்டுமுன் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். நான் சைக்கிள் பம்ப் அடித்தேன். சக்கரம் லேசாகத் தயங்கி... சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ரெட்டிகாருவும் பம்பை வாங்கி அடித்தார். நீராவியில் எப்போது ஓட்டுவீர்கள் என்று அவரே கேட்டார்.

நம்மில் எத்தனை பேர், முக்கால்வாசி முடித்ததை ஒரு மிளகுக் குழிக்காக உருக்கியிருப்போம்? செய்கிறவரும் ரிஜெக்ட் செய்கிறவரும் ஒரே சட்டைக்குள் இருந்தால், நடுவில் யாராவது ஒருத்தர் புகுந்துதான் ஆகவேண்டும்.

மறுநாள் காலை, வழக்கம்போல் தோசை ஓரம் பிய்ந்து வந்தது. தட்டைத் திருப்பிப் பார்த்தார். “கன்செஷன்” என்று சொல்லிவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

தோசைக்கு அவர்தானே கஸ்டமர்!