ஒரு பக்கம் இழுக்கும் வண்டி

வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் ஏற்றிப்போகும் பிக்கப் ஓட்டுநருக்கு வீட்டில் வைத்த பெயர் ‘நாளைக்கு’. புது டயர், கூடுதல் ஸ்பிரிங் பட்டை, முதுகு நோகாத சீட் என்று அவர் எழுதிய பட்டியல், வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே செருகியபடியே பழுப்பேறிவிட்டது. மனைவி கேட்கும்போதெல்லாம் “நாளைக்கு” என்பார். அவருடைய வலது தோளில் தினமும் தைலம் தேய்ப்பதை மட்டும் அவளால் நாளைக்குத் தள்ள முடியவில்லை.

நேற்று மழையில் வண்டி வழுக்கிய பிறகுதான் டயர் கடைக்கு வந்தார்.

கடைக்காரர் முன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். “மொட்டையாயிடுச்சுண்ணே.”

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். “இதைவிடவா?”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே டயரின் ஓரத்தைக் காட்டினார். “அதுலயும் இந்த ஓரம்தான் ரொம்பத் தேஞ்சிருக்கு. வண்டி இடது பக்கமா இழுத்திருக்குமே?”

“என் வண்டியா? நூல் பிடிச்ச மாதிரி போகும்!” என்று எரிந்து விழுந்தார்.

“அது தானா போகலண்ணே. நீங்க வலது பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. எத்தனை வருஷமோ!”

நான்கு டயரும் மாற்றி, சக்கரங்கள் நேராக ஓட அலைன்மென்ட்டும் பார்த்து முடிந்ததும் வண்டியை எடுத்தார். வாசலைத் தாண்டியதுமே அது வலப்பக்கம் ஒதுங்கியது. இறங்கிச் சண்டை போடத்தான் நினைத்தார். அப்போதுதான் ஸ்டியரிங்கைக் குனிந்து பார்த்தார்.

வண்டி நேராகிவிட்டது. கைதான் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.