மின்னல் போட்ட பூட்டு

மின்னல் என்று பேர் வாங்கினவன், அக்கா வீட்டு வாசலில் மணியை அடிக்கக் கை வராமல் குற்ற உணர்ச்சியோடு நின்றான்.

கால் வைத்தியத்துக்கென்றே இருந்த மருத்துவமனையில், நோயாளிகளின் படங்களை, மற்றவர்களுக்கு வெறும் புள்ளிகளாகத் தெரியும்படி கணினியில் பூட்டிவைப்பது அவன் வேலை. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் முந்தைய கட்டத்தோடு கலந்து பூட்ட வேண்டும். திறக்க நாலு விநாடி ஆகும்.

"அதுக்குள்ள எனக்கே முட்டி தேஞ்சிடும்பா" என்றார் பெரிய டாக்டர்.

மின்னலுக்கு ரோஷம் வந்துவிட்டது. கலக்கும் வேலையை விட்டுவிட்டு, கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாக ஒரே பூட்டைப் போட்டான். கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்தது. டாக்டர் தோளைத் தட்ட, இவனுக்குத் தலைகால் புரியவில்லை. பூட்டிய படங்களை டோக்கன் எண்ணோடு, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துத் திரையிலேயே ஓடவிட்டான். அவ்வளவு பாதுகாப்பாம்! கிட்டே நின்று பார்த்தால் வெறும் புள்ளிகள்தான். கடைசி வரிசைவரை நடந்துபோய்ப் பார்க்க மின்னல் ஐயாவுக்கு நேரமில்லை.

அங்கேயே வைத்தியத்துக்கு வரும் அக்காவுக்குக் கல்லூரிக் காலத்து விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் மாட்டியிருப்பதால், வேலை பார்க்கும் துணிக்கடையில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்தால், நாள் முழுக்க நிற்கிற வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிடுவார்கள். தம்பி பூட்டுகிறான் என்ற தைரியத்தில்தான் மருத்துவமனை வெள்ளைச் சுவர் முன்னால், அதைக் கழற்றிவிட்டு ஊன்றுகோலோடு நின்று படமெடுக்கச் சம்மதித்தாள்.

அவள் டோக்கன் திரையில் வந்தது. ஒரே மாதிரிக் கட்டங்களுக்கு ஒரே பூட்டு விழுந்ததில், ஒரே வெள்ளையாக இருந்த சுவர் ஒரே மாதிரிப் புள்ளிகளாகியிருந்தது. தள்ளி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அந்தப் புள்ளிகளின் நடுவில் ஓர் உருவம் பளிச்சென்று தெரிந்தது: கொண்டை, ஊன்றுகோல், ஒற்றைக் கால். தன் எண்ணைப் பார்த்து அக்கா எழுந்தாள். தன் அப்பாவின் முட்டிவலிக்காக வந்திருந்த துணிக்கடைக் காசாளர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம்... நீங்களா?"

அந்த வாரமே கடையில் அவளை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது, அவன் மணியடிக்கும் முன்பே கதவு திறந்தது. அக்காதான்.

"எவ்வளவு நேரமா நிக்கிற? உள்ள வா."

"என்னாலதான்க்கா எல்லாம். பழையபடி மாத்திட்டேன்."

"அவசரப்பட்டதுல எவ்வளவுடா மிச்சமாச்சு?"

"நாலு விநாடிக்கா."

அக்கா உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அன்னைக்குக் காலையிலேர்ந்து ஆஸ்பத்திரி பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன். இன்னும் நாலு விநாடி உக்கார மாட்டேன்னா சொன்னேன்?"