மருந்து என்று எழுதினேன்

தலைவலிக்கு விழுங்குவது மருந்து. கத்தரிக்காயில் புழு விழுந்தால் அடிப்பதும் மருந்து. தேயிலைக்கு அடியில் முளைக்கும் புல்லைச் சாகடிப்பதும் மருந்துதான். ஆற்றுவதற்கும் அழிப்பதற்கும் நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளித்து வருகிறோம். இதை யார்மீதும் பழிபோட எழுதவில்லை. அந்தச் சொல்லை என் கையாலேயே கொப்பியில் எழுதி, அதன் கீழ் கோடும் போட்டவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் விவசாயப் போதனாசிரியையாக என் முதல் நியமனம் மடுல்கெல்லப் பக்கம் கிடைத்தது. நான் கண்டி டவுனில் பிறந்தவள், நகரசபைக் கிளார்க்கின் மகள். எங்கள் வீட்டில் மண் என்று இருந்தது ரோசாச் சட்டிகளில் மட்டும்தான். படிப்பில் நல்ல புள்ளி எடுத்திருந்தேன். அதனால் மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க என்னிடம் நிறைய இருக்கிறது என்று நம்பினேன். காலையில் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, குடையும் பூதக்கண்ணாடியும் கொப்பியுமாகப் போய் இறங்குவேன். 'விவசாய மிஸ்' என்று கூப்பிட்டார்கள். எனக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

என் பிரிவில் தக்காளி போட்டவர்களில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இருவரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வேலை செய்தவர்கள். அந்த வருடம்தான் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு, தொழிலாளருக்குக் கொடுக்கும் லயத்து அறையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருந்தார்கள். கிராமத்தில் நிலக்காரரான ஒரு சிங்கள மாத்தயா தன்னுடைய சரிவு நிலத்தை ஒரு போகத்துக்கு மட்டும் கொடுத்திருந்தார். பயிர் நன்றாக வந்தால் தொடர்ந்து செய்யலாம், அங்கேயே சின்னதாக வீடும் கட்டிக்கொள்ளலாம்; வராவிட்டால் நிலம் வேறு ஆளுக்கு. அதுவரை தகரம் அடித்த குடிசையில் இருந்தார்கள். அந்த அக்கா என்னிடம் முதல் நாளே சொன்னார்: "இனி கொழுந்துக் கூடையத் தலையில மாட்ட மாட்டேன் மிஸ். செத்தாலும் இந்த மண்ணுலதான்."

நாற்பது வரிசை. கீழே ஓடைப் பக்கம் முதல் வரிசை, மேலே பாறை அடியில் நாற்பதாவது. முதல் வரிசையின் மூலையில் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலைச் சிலுவையை அக்கா ஊன்றி வைத்திருந்தார். களை ஒன்று இருக்காது. இரண்டு பேரும் குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்வார்கள். நான் போகும்போதெல்லாம் அக்காவின் கணவர், அந்த அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டு நான் உட்காரக் கதிரையை எடுத்து வெளியே போடுவார். அந்தக் குடிசையில் இருந்த ஒரே கதிரை அது.

என் வேலை எண்ணுவது. ஒவ்வொரு கிழமையும் ஐந்து வரிசைக்கு ஒரு செடியாகப் பிடித்து, இலையைத் திருப்பி, அடியில் எத்தனை வெள்ளை ஈ இருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். இலைச்சுருள் நோயைக் காவி வருவது அந்த ஈதான். அந்த நோய் தொற்றிய செடிக்கு விமோசனமே இல்லை. பூ வைக்கும் நேரத்தில் ஈ கூடிப்போனது. உடனே பூச்சி மருந்து அடிக்கச் சொன்னேன். தங்களிடம் முதுகில் மாட்டி அடிக்கிற டேங்கி இல்லை, நாளை மறுநாள் பார்த்து அடிக்கிறோம் என்றார் அண்ணன். நான் விடவில்லை. "நாளைக்கே அடிங்க. ஒரு நாள் பிந்தினாலும் கஷ்டம்" என்றேன். எங்கேயோ போய் ஒரு டேங்கியை இரவல் வாங்கி வந்து மறுநாளே அடித்தார். நான் சொன்னதைத் தட்டாத மனிதர்.

அடுத்த கிழமை போனபோது அக்கா பாதையிலேயே நின்றிருந்தார். கீழ் வரிசைகளில் குருத்து இலைகள் எல்லாம் நெளிந்து, ஒடுங்கி, குவிந்து கிடந்தன. தண்டு கூட முறுக்கிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு வரிசையாக ஏறிப் போய் எண்ணி எழுதினேன். முதல் எட்டு வரிசை மோசம். அடுத்த பத்தில் பாதிப்புக் குறைவு. பத்தொன்பதாவது வரிசையிலிருந்து மேலே, நுனி இலையில் மட்டும் இலேசான நெளிவு. ஓடைக்குக் கீழே யாரோ கைவிட்ட பழைய தக்காளி நின்றது. ஈ அங்கிருந்து ஏறி வந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். இரண்டு மாதமாக வெள்ளை ஈயைத் தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் அண்ணனிடம் ஒழுங்காகக் கேட்டேன். அதுதான் இன்னும் என்னைக் குத்துகிறது.

"டேங்கி யாரோடது?"

"என் தம்பியோடது மிஸ். தோட்டத்துல மருந்தடிக்கிற ஆளுங்கள்ல அவனும் ஒருத்தன்."

"அதுல முன்ன என்ன இருந்திச்சு?"

"மருந்துதான் மிஸ்."

"கழுவினீங்களா?"

"ரெண்டு தரம் அலசினேன்."

'டேங்கி இரவல். முன்பு: மருந்து' என்று எழுதி, மருந்து என்ற சொல்லின் கீழ் கோடு போட்டேன். எனக்கு அந்தச் சொல்லில் பூச்சி மருந்து கேட்டது. அவர் சொன்னது வேறு. அவர் பொய் சொல்லவில்லை, நான் காது கேளாதவளும் இல்லை.

இலையைப் பறித்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கலாம். பதில் வர மூன்று கிழமை ஆகும், அதற்குள் அடுத்த சரிவில் இருக்கும் ஆறு பேருடைய தக்காளிக்கும் போய்விடும் என்று பயந்தேன். பயந்தேன் என்பது உண்மைதான். ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பதும் உண்மை. "எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கணும்" என்றேன்.

அண்ணன் கதிரையை எடுத்து உள்ளே வைக்கப் போனார். அக்காதான் என் பின்னாலேயே வந்தார்.

"மேல நல்லாத்தானே இருக்கு மிஸ். மேல மட்டும் விட்டுப் பாப்போமே."

"இன்னைக்கு நல்லா இருக்கும். அடுத்த கிழமை இருக்காது."

"பிஞ்சு விட்டிருக்கு மிஸ்."

"சொன்னாக் கேளுங்க அக்கா. உங்களால மத்தவங்களுக்கும் நட்டம் வரக்கூடாது."

இப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது, ஏனென்றால் அதன் பிறகு அவர் வாதாடவில்லை. சிலுவையைப் பிடுங்கி முந்தானையில் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, மேல் வரிசையிலிருந்து பிடுங்கத் தொடங்கினார். பச்சைச் செடி எரியாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் புகைந்து அணைந்து போகும். இரண்டு நாள் பிடித்தது. நானும் நின்று பிடுங்கிக் கொடுத்தேன். தக்காளி இலையின் வாடை கையை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், பெரிய நோய் ஒன்றைப் பரவாமல் தடுத்துவிட்டேன் என்று சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒன்றரை மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருக்கக் காரணங்கள் தேடிக் கொண்டேன். போனபோது குடிசை வாசலில் சாமான் கட்டி வைத்திருந்தது. மாத்தயா சொன்ன சொல்லை மாற்றவில்லை. நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். தோட்டத்தில் இரண்டு பேருக்கும் திரும்பப் பேர் பதிந்தாயிற்று, திங்கட்கிழமை வேலைக்கு ஏறவேண்டும். அண்ணன் லயத்து அறையைக் கூட்டிக் கழுவப் போயிருந்தார். அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்பு இருந்த குசினிப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ் ஏசக்கூடாது. ஒரு வேல செஞ்சிட்டேன்."

குசினிக்குப் பின்னால், வாழைமர மறைவில், ஒரு எண்ணெய் டின்னில் தக்காளிச் செடி ஒன்று நின்றது. பிடுங்கிய அன்று மனசு கேட்காமல் மேல் வரிசைச் செடி ஒன்றை மட்டும் மண்ணோடு எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். கணவனுக்குக் கூடத் தெரியாது. நோய்ச் செடியை வைத்திருக்கிறாளே என்று நான் ஏசுவேன் என்ற பயத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நான் குனிந்து பார்த்தேன். தண்டின் நடுவில் மூன்று இலைகள் நெளிந்திருந்தன. அவற்றுக்கு மேலே வந்த இலைகள் எல்லாம் அகன்று, நேராக, கரும்பச்சையாக இருந்தன. நான்கு காய்கள், ஒன்று பழுக்கத் தொடங்கியிருந்தது. இலைச்சுருள் நோய் வந்த செடி ஒருநாளும் இப்படித் திருந்தாது. இது ஒரே ஒருநாள் அடிபட்டு, பிறகு எழும்பி வந்த செடி.

"அக்கா, தம்பி தோட்டத்துல அடிக்கிறது என்ன மருந்து?"

"புல்லு மருந்து மிஸ். வேற என்ன?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. அண்ணன் ஓடையில் தண்ணீர் மொண்டு, முதல் வரிசையிலிருந்து மேலே அடித்துக்கொண்டு போயிருக்கிறார். டேங்கியின் அடியிலும் குழாயிலும் ஒட்டியிருந்த புல்லு மருந்து முதல் டேங்கியில் அதிகம் கலந்திருக்கிறது. ஒவ்வொரு தரம் நிரப்பும்போதும் கரைந்து கரைந்து, மேலே போகப்போக இல்லாததுபோல ஆகியிருக்கிறது. ஈ வரிசை பார்த்து இறங்காது, மனிதன்தான் வரிசையாக அடிப்பான். அதை நானே ஒவ்வொரு வரிசையாக எண்ணி எழுதி வைத்திருந்தேன், எழுதியதை ஒருதரமும் வாசிக்கவில்லை.

சொல்லாமல் எழும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவருக்கு ஒருநாளும் தெரிய வராது. செடி பிழைத்தது புனித அந்தோனியார் செய்த புதுமை என்று நம்பிக்கொண்டு போயிருப்பார். ஆனால் அவர் அந்தச் செடியைப் பார்த்த பார்வை என்னைப் போகவிடவில்லை. சொன்னேன். அது நோய் இல்லை, டேங்கியில் இருந்த புல்லு மருந்து, பிழை என்னுடையது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அக்கா அழவில்லை. நீண்ட நேரம் அந்த நெளிந்த மூன்று இலைகளையும் விரலால் நீவி நீவிப் பார்த்தார்.

"அப்ப மேல இருந்ததெல்லாம்?"

"பிழைச்சிருக்கும் அக்கா."

"எத்தன வரிசை மிஸ்?"

எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூட வழியில்லை. கொப்பி மடியிலேயே திறந்து கிடந்தது, என் கையெழுத்தில், வரிசை வரிசையாக.

"இருபத்திரெண்டு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பழுக்கத் தொடங்கியிருந்த அந்த ஒரு தக்காளியைப் பறித்து, முந்தானையில் துடைத்து, என் கையில் வைத்தார்.

"அவருக்குச் சொல்லாதீங்க மிஸ். தம்பியோட சண்டைக்குப் போயிருவாரு" என்றார். "இருங்க, தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாறேன்."