சூடானால் நின்றுபோகும் மோட்டார்

களுகங்கை பெருகினால் இரத்தினபுரி டவுனின் பள்ளத்துத் தெருக்களில் படகு ஓடும். அப்படியொரு படகை என் தம்பி ஓட்டினான். போன வெள்ளத்தில் இரண்டு தடவை ஆட்களைக் கரை சேர்த்தான். மூன்றாம் தடவை நடுவழியில் மோட்டார் நின்றுவிட்டது. வெள்ளம் படகை இழுத்துப்போய் மூங்கில் புதரில் மோதிச் சாய்த்தது. ஏறியிருந்தவர்கள் மூங்கிலைப் பிடித்துத் தப்பினார்கள். தம்பியின் உடல்தான் எங்களுக்குக் கிடைத்தது.

"பெட்ரோல் பாக்காம போயிட்டான்" என்று டவுனில் பேசிக்கொண்டார்கள். பெட்ரோல் டாங்க் ஆற்றோடு போய்விட்டதால் யாராலும் மறுத்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பேச்சு தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள்வரை வந்தது. எல்லோரும் கூடும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவதைக்கூட அம்மா நிறுத்திக்கொண்டாள்.

நான் டவுனில் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை செய்கிறேன். படகின் சொந்தக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஒருநாள் கவிழ்ந்த படகிலிருந்து கழற்றிய அதே மோட்டாரைக் கடை வாசலில் இறக்கினார்.

"மகள், ஒங்களுக்கு ஏலாட்டி வேற ஆளுக்கிட்ட குடுக்குறேன்."

"இல்லைங்க நானா. நானே பாக்குறேன்."

சேற்றைக் கழுவிக் காயவைத்து, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். பிளக்கில் பொறி நன்றாகவே வந்தது. பிளைவீலைக் கழற்றினேன். அதற்கடியில் இருக்கும் ஸ்டேட்டரில்தான் பொறிக்கான மின்சாரம் உண்டாகிறது. அதன் கம்பிச்சுருளில் மீட்டரை வைத்தேன். ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் பெட்ரோல்தானா?

விட மனம் வரவில்லை. வார்னிஷ் காயவைக்கும் சூட்டுக்காற்று மெஷினை எடுத்து, ஓடும் மோட்டாருக்குள் இருக்கும் அளவுக்கு ஸ்டேட்டரைச் சூடாக்கினேன். மீட்டர் தடுமாறியது. பிறகு தொடர்பே இல்லை என்று காட்டியது. ஆறவிட்டதும் பழையபடி சரியானது. சூட்டில் உள்ளே எங்கோ கம்பி விட்டுப்போகிறது. இரண்டு நடை ஓடிய சூட்டில் அன்றைக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

நானா மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றே கடை கடையாக ஏறி, பிழை மோட்டாரில்தான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

பின்னேரம் பஸ் பிடித்துப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப புள்ள மேல தப்பில்லையா?"

"இல்லம்மா. அவன் என்ன செஞ்சாலும் அது ஸ்டார்ட் ஆகியிருக்காது."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"எம்புட்டு நேரம் அந்தக் கயித்த இழுத்துக்கிட்டே கெடந்திருப்பான், ஏங்கொழந்த" என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.