மண்டையோட்டுச் சட்டையும் பஸ்ஸில் வந்த அன்ரியும்

அம்மா பக்கத்து அறையில் இருக்கிறார். அதனால் சத்தமில்லாமல் எழுதுகிறேன்.

நான் பள்ளி றக்பி அணியில் விளையாடுவது வீட்டில் தெரியாது. ஆளை ஆள் இடித்து விழுத்தும் விளையாட்டு அது. தெரிந்தால் சனிக்கிழமைப் போட்டிக்கு விடமாட்டார்.

இன்று மல்வேர்னுக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் ஜக்கெற் திறந்திருந்தது. உள்ளே அணிச் சட்டை, அதில் மண்டையோடும் இரண்டு எலும்பும்.

"பிள்ளை, உதென்ன படம்? ஊரில உதைப் பலகையில கீறி நட்டிருந்தா அங்கால ஒருத்தரும் கால் வைக்கமாட்டினம். மிதிவெடி."

பயத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் பயிற்றுநர் பிரித்தானியாவின் கோர்ன்வோலில் பிறந்தவர். ஒரு காலத்தில் கடற்கொள்ளையர் அந்தக் கரையில் இறங்கி ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். அந்த ஊர் மொழியில் அவர்களுக்குக் கடல்திருடர் என்று பெயர். இன்று அங்கே ஒரு றக்பி அணிக்கே கடற்கொள்ளையர் என்றுதான் பெயர். அதையே எங்களுக்கும் வைத்து, கொள்ளையர் கொடியில் இருக்கும் மண்டையோட்டையும் சட்டையில் போட்டுவிட்டார்.

"பறிகுடுத்த சனமே கள்ளரின்ர பேரை வைச்சிருக்குதோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப உந்தப் படத்தைக் கண்டு மற்றப் பிள்ளையள் விலகுவினமோ?"

"இல்லை அன்ரி, வந்து இடிப்பினம்."

விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று நான் கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

சற்று முன் அம்மாவின் தொலைபேசி அடித்தது. "என்ன, மண்டையோடோ?" என்று அவர் கேட்பது சுவரைத் தாண்டி வருகிறது.

இந்தச் சட்டையை என் அறைக் கதவில் மாட்டினால் அம்மா வெளியிலேயே நிற்பாரா? அனுபவமுள்ளவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.