வெர்லனின் வலது கை

என் அக்கா நெல்டாவின் கணவர் வெர்லன் டிட்வெல், தேவாலயத்தில் அப்பம் வாங்குவதும் இடது கையால்தான். வலது கை இடுப்பை விட்டு வராது. மாவட்டச் சிறையில் காவலராகச் சேர்ந்தபோது கற்றுக்கொண்ட பாடம் அது. யாராவது கிட்டே வந்தால் முதலில் துப்பாக்கி உறையை அழுத்திப் பிடிக்க வேண்டும், பேச்செல்லாம் பிறகு. இவருக்கு எதையும் அரைகுறையாகக் கற்கத் தெரியாது. கடை வரிசையில் பின்னால் நிற்பவர் இருமினாலும் கை இடுப்புக்குப் போய்விடும்.

"உன் இடுப்பு எங்கயும் ஓடிப்போயிடாது வெர்லன்" என்று கிண்டல் செய்வேன். அப்போதெல்லாம் சிரிப்பார்.

ஓர் ஆகஸ்ட் மாதம், நெடுஞ்சாலை ஓரம் புல் வெட்டக் கைதிகளை வேனில் அழைத்துப்போனார். உச்சி வெயிலில் தலைசுற்றிப் பள்ளத்தில் விழுந்தார். கைதிகளில் மூத்தவன் ஒடெல் ப்ரூயிட். கிறிஸ்துமஸுக்குள் விடுதலையாக வேண்டியவன். மற்றவர்களின் கண் துப்பாக்கி மேல் போவதைப் பார்த்து, தானே அதை உருவி வேனின் கூரைமேல் வைத்தான். வெர்லனின் போனிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அது வரும்வரை தன் தொப்பியால் அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தான். என் அக்கா விதவையாகாதது அவனால்தான். இதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது, மயக்கத்தில் கிடந்த வெர்லனின் வலது கை காலி உறையை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களைப் பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டதாம்.

அந்தப் பிடிதான் ஒடெலுக்கு எமனானது. காவலரின் ஆயுதத்தை அவர் சம்மதமில்லாமல் எடுப்பது எங்கள் மாநிலத்தில் பெருங்குற்றம். துப்பாக்கியைப் பறிகொடுக்காமல் இருக்கப் போராடிய கை அது என்று நீதிமன்றத்தில் வாதாடிய அரசு வக்கீல், வெர்லனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்.

"எடுத்துக்கோன்னு அவன்கிட்ட சொன்னீங்களா, மிஸ்டர் டிட்வெல்?"

"ஞாபகமில்ல."

"சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்று ஒடெலின் வக்கீல் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"ஞாபகமில்லாததச் சொல்லமாட்டேன் சார். பைபிள் மேல கை வச்சிருக்கேன்."

ஊரே அவரது நேர்மையை மெச்சியது. ஒடெலுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் கிடைத்தன.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டு வெர்லன் சோபாவில் தூங்கிப்போனார். நாய் வந்து காலில் உரசியது. தூக்கத்திலேயே அவர் கை இடுப்பைக் கவ்வியது. நெல்டா அவரைத் தட்டி எழுப்பினாள்.

"உன் கை எங்க இருக்குன்னு பாரு. நாய்தான் உரசிச்சு, நீ முழிக்கக்கூட இல்ல. அன்னைக்கும் இப்படித்தான் போயிருக்கும் வெர்லன். துப்பாக்கிய அவன் எடுத்தப்புறமா, கை தானா போயிருக்கும்."

அவர் தன் கையை யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மறுநாளே அரசு வக்கீலிடம் ஓடினார். தீர்ப்பு முடிந்துவிட்டது, ஒருவர் வீட்டில் தூங்குவதெல்லாம் சாட்சியாகாது என்றார் அவர். வெர்லன் வேலையை விட்டார். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் பழகினார். கொஞ்சம் கண்ணயர்ந்தால் அது மறுபடி இடுப்பில் இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் சட்டென்று திரும்புவார்.

"யாரோ விசிறுறாங்க" என்பார்.

வசந்தத்தில், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என்னை அழைத்துக்கொண்டு ஒடெல் இருந்த சிறைக்குப் போனார். வழியெல்லாம் கேட்க வேண்டிய வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நேரா கையக் குடுத்துடு, மத்ததெல்லாம் தானா வரும்" என்று நான்தான் சொன்னேன்.

பார்வையாளர் கூடத்தில் ஒடெல் சிரித்த முகமாக வந்தான். நரைத்திருந்தான்.

"உடம்பு தேறிட்டீங்களே பாஸ்!" என்று கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

வெர்லன் எழுந்தார். வலது கை இடுப்புக்குப் போனது. வெறும் பெல்ட்டை அழுத்திப் பிடித்தது. தோளைக் குலுக்கி எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

ஒடெல் அந்தக் கையைப் பார்த்தான். சிரிப்பு மெல்லப் போனது. நீட்டிய கையை இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"பயப்படாதீங்க பாஸ்" என்றான். "நான் எதையும் எடுக்கமாட்டேன்."